கிற்றார் யாருடையது, பெயர் யாருடையது? — வாசகர் கேள்வி பதில்

பழைய ஆங்கில ரொக் பாடல்களில் ஒன்றைப் போல் இன்னொன்று ஒலிப்பதைப் பற்றியும், பாட்டின் கீழே யாருடைய பெயர் வரவேண்டும் என்பதைப் பற்றியும் வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். கம்பி, ஃபிரெட் (கிற்றார்க் கழுத்தில் விரல் அமத்தும் இடங்களைப் பிரிக்கும் கட்டை) எண்கள் எல்லாம் வழமையான சுருதிக்கு உரியவை. முதலாம் கம்பி என்றால் மிக மெல்லிய கம்பி.

'ஸ்ரெயர்வே ரு ஹெவன்' தொடக்கமும் ஸ்பிரிட் குழுவின் 'ரோரஸ்' என்ற இசைத்துண்டும் என் காதுக்கு ஒன்றாகத்தான் கேட்கின்றன. நீதிமன்றம் எப்படிக் களவில்லை என்று சொன்னது? — ஒரு வாசகர், மானிப்பாய்

உங்கள் காதில் பிழையில்லை. இரண்டிலும் நீங்கள் பிடிப்பது ஏ மைனரில் அரை அரைச் சுரமாக இறங்கும் அடிக்குரலை: ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப். 'ரோரஸ்' 1968இல் ஸ்பிரிட்டின் முதல் அல்பத்தில் வந்தது, இயற்றியவர் ரண்டி கலிபோர்னியா. லெட் செப்பலின் குழுவின் 'ஸ்ரெயர்வே' 1971 நவம்பரில் வந்தது. 1968 டிசம்பர் 26ஆம் திகதி டென்வரில் செப்பலின் தன் முதல் அமெரிக்க நிகழ்ச்சியைச் செய்தபோது அதே மேடையில் ஸ்பிரிட்டும் வாசித்தது. ஸ்பிரிட்டின் வேறொரு பாட்டைச் செப்பலின் தன் மேடைகளில் எடுத்தாண்டதும் உண்டு. ஆகவே 'நாங்கள் கேட்டதே இல்லை' என்ற வாதம் எடுபடவில்லை. கேட்டிருக்க வாய்ப்பிருந்தது என்றே 2016இல் ஜூரிமாரும் முடிவு செய்தார்கள்.

இனிக் கிற்றாரை எடுங்கள். நாலாம் கம்பியில் 7, 6, 5, 4, 3 என்று இறங்குங்கள். இவ்வளவும்தான் என்றால் இரண்டு பாட்டும் ஒன்றுதான். இப்போது அதே நேரத்தில் முதலாம் கம்பியில் 5, 7, 8, பிறகு 2, பிறகு திறந்த கம்பி என்று அடியுங்கள். கீழ்க்குரல் இறங்க, மேற்குரல் ஏ, பி, சி என்று ஏறுகிறது. மூன்றாவது படியில் இரண்டும் ஒன்றையொன்று விட்டு வெகுதூரம் போய்விடுகின்றன. செப்பலினின் கிற்றார்காரர் ஜிம்மி பேஜின் வேலை அந்த ஏறும் குரலில் இருக்கிறது, 'ரோரஸ்' இல் அது கிடையாது. இறங்கும் குரலோ மிகப் பழைய சொத்து. 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியப் புலம்பல் பாட்டுகளுக்கு அதைத்தான் அடித்தளமாகப் போட்டார்கள். வழக்கில் 1964ஆம் ஆண்டுத் திரைப்படப் பாட்டான 'சிம் சிம் செறீ' கூட உதாரணமாக வந்தது.

இன்னொரு காரணம் சட்டத்துக்குள் இருக்கிறது. 'ரோரஸ்' பதிவான காலத்தில் அமெரிக்காவில் நடைமுறையில் இருந்தது 1909ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி பாதுகாப்புப் பெறுவது பதிவு அலுவலகத்தில் ஒப்படைத்த இசைத்தாள் மட்டுமே, அல்பத்தில் கேட்கும் ஒலி அல்ல. அதனால் ஒலிப்பதிவைப் போட்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஜூரிக்கு இடம் கொடுக்கவில்லை. 2018இல் மேன்முறையீட்டில் மறுவிசாரணை உத்தரவு கிடைத்தது. ஆனால் 2020 மார்ச்சில் அதே மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் கூடி முதல் தீர்ப்பையே உறுதி செய்தார்கள். ஒக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. முடிவு சரியென்றே நினைக்கிறோம். வந்த வழி அவ்வளவு சரியில்லை. கிற்றார்காரனின் பாதி இசை விரலில் இருக்கிறது. ஒரு தாளில் கீறிக் கொடுத்த நாலு வரிக்குள் அது அடங்காது.

அப்படியென்றால் இந்த இறங்கும் வரிசையில் வேறு எந்தப் பாட்டுகள் இருக்கின்றன? பழக ஆசை. — ஒரு உயர்தர மாணவன், சாவகச்சேரி

தம்பி, இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் கலக்க வேண்டாம். மேலே சொன்னது ஒரு சுரமும் விடாமல் இறங்குவது. மற்றது ஜி ஷார்ப்பைத் தாண்டிக் குதிப்பது: ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப். ஆறாம் கம்பியில் 5, 3, 2, 1 என்று அடித்துவிட்டுக் கடைசியில் திறந்த கம்பியில் ஈ. பீற்றில்ஸின் 'வைல் மை கிற்றார் ஜென்ற்லி வீப்ஸ்' (1968) ஏ மைனரைப் பிடித்தபடி ஏ, ஜி, எஃப் ஷார்ப், எஃப் என்று அடிக்குரலை மட்டும் நகர்த்துகிறது. செப்பலினின் 'பேப் ஐம் கோனா லீவ் யூ' (1969) அதையே தனித்தனிக் கம்பிகளாகப் பிரித்து ஈ வரை இறக்குகிறது. சிக்காகோ குழுவின் '25 ஓர் 6 ரு 4' (1970) அதை முழுக்குழுவின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) ஆக்கியது. 1995இல் கிறீன் டேயின் 'பிறெய்ன் ஸ்ரூ' மூச்சுவிட்டு மூச்சுவிட்டு அதையே அடித்தது.

நாலையும் ஒரே இரவில் பழகலாம். கையில் வந்ததும் ஒன்று விளங்கும்: எஃப் ஷார்ப்புக்கு மேல் எந்தக் கோட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) வைக்கிறார்கள் என்பதில்தான் பாட்டின் முகம் மாறுகிறது. ஏ மைனரையே பிடித்துக்கொண்டிருந்தால் சோகம் அப்படியே நிற்கும். டி மேஜர் வைத்தால் ஒரு கணம் வெளிச்சம் வரும். பழகுபவர்களில் கனபேர் இந்த இடத்தில் அடிக்கம்பியை அடிக்காமல் வெறும் டி கோட்டை அடித்துவிடுகிறார்கள். அப்போது இறக்கம் அறுந்துபோகும். பெருவிரலை மேலாகக் கொண்டுவந்து ஆறாம் கம்பி 2ஆம் ஃபிரெட்டை அமத்துங்கள். கை சிறிதென்றால் ஐந்தாம் கம்பியை விட்டுவிட்டு நடுவிரலால் அமத்தலாம்.

லெட் செப்பலின் உண்மையிலேயே களவெடுத்த குழுவா, அல்லது பொறாமையில் சொல்கிறார்களா? — ஒரு வாசகி, சுன்னாகம்

'ஸ்ரெயர்வே' விடயத்தில் தப்பினார்கள். முதல் இரண்டு அல்பங்களில் தப்ப முடியாது.

'ஹோல் லொட்டா லவ்' (1969) பாட்டின் ரிஃப் பேஜுடையது, அதில் சந்தேகமில்லை. பாடல் வரிகளில் பெரும் பங்கு வில்லி டிக்சன் எழுதி மடி வோட்டர்ஸ் 1962இல் பாடிய 'யூ நீட் லவ்' இலிருந்து வந்தது. டிக்சன் 1985இல் வழக்குப் போட்டார், 1987இல் சமரசமாகி இயற்றியவர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது. 'டேஸ்ட் அன்ட் கன்ஃபியூஸ்ட்' இன்னும் மோசம். ஜேக் ஹோம்ஸ் 1967இல் அதே தலைப்பில், அதே இறங்கும் பேஸ் வரிசையோடு வெளியிட்ட பாட்டு அது. 1969 அல்பத்தில் இருந்தது ஜிம்மி பேஜ் பெயர் மட்டும். ஹோம்ஸ் 2010இல் வழக்குப் போட்டார். 2012இல் வந்த 'செலிபிறேஷன் டே' வெளியீட்டில் 'பேஜ். ஜேக் ஹோம்ஸின் தூண்டுதல்' என்று போட்டார்கள். முந்தைய பதிலில் சொன்ன 'பேப் ஐம் கோனா லீவ் யூ'வை நாட்டுப்பாட்டு என்று நினைத்து 'மரபுப் பாடல், இசையமைப்பு பேஜ்' என்று அச்சடித்தார்கள். அதை எழுதிய ஆன் பிறெடன் உயிரோடுதான் இருந்தார். 1990இலிருந்து அவர் பெயரும் சேர்ந்தது.

கிற்றார்காரர்கள் கவனிக்கவேண்டியது 'பிளாக் மவுன்ரின் சைட்'. பேர்ட் ஜான்ஷ் 1966இல் 'பிளாக்வோட்டர்சைட்' என்ற மரபுப் பாடலுக்குப் போட்ட கிற்றார் அமைப்பை அநேகமாக அப்படியே பேஜ் வாசித்தார், தபேலாவையும் சேர்த்தார். ஜான்ஷ் ஆறாம் கம்பியை மட்டும் டி வரை இறக்கி வாசித்தார். பேஜ் டி, ஏ, டி, ஜி, ஏ, டி என்று சுருதி மாற்றினார். விரல் வேறு, ஒலி ஒன்று. ஆனால் மெட்டு மரபுப் பாடலுடையது என்றபடியால் 'இது என்னுடையது' என்று நிறுவ ஜான்ஷுக்குப் பிடி கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதில் பேஜ் பெயர்தான். மேலே சொன்ன பாட்டுகளில் வரியை எடுத்த இடங்களில் எல்லாம் பெயர் திரும்பக் கிடைத்தது, கிற்றாரை எடுத்த இடத்தில் கிடைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜோர்ஜ் ஹரிசன் 'மை ஸ்வீற் லோர்ட்' மெட்டைத் தெரியாமல் எடுத்தார் என்று தீர்ப்பாம். தெரியாமல் எடுத்தால் எப்படிக் குற்றம்? வாய்ப்பாட்டு மாணவி நான், சுரமாகச் சொன்னால் விளங்கும். — மருதனார்மடம்

தங்கச்சி, உங்களுக்கு இது சுலபம். சிஃபொன்ஸ் குழு பாடி 1963இல் புகழ்பெற்ற 'ஹீஸ் சோ ஃபைன்' (இயற்றியவர் றொனி மாக்) இரண்டு சிறு துண்டுகளால் ஆனது. முதல் துண்டு ப க ரி. இரண்டாவது ப த ஸ் த ஸ். முதலாவது நாலு தரம், இரண்டாவது நாலு தரம். ஹரிசனின் 1970ஆம் ஆண்டுப் பாட்டில் முதலாவது நாலு தரம், இரண்டாவது மூன்று தரம். நாலாவதுக்குப் பதிலாக ஒரு இணைப்பு. இதோடு நின்றிருந்தால் வாதாடலாம். ஆனால் 'ஹீஸ் சோ ஃபைன்' இல் இரண்டாம் துண்டு திரும்ப வரும் ஓரிடத்தில் ஒரு சுரம் வழுக்கிக்கொண்டு சேரும்: ப த ஸ் த ரி் ஸ். அதே வழுக்கல் அதே இடத்தில் ஹரிசனின் பாட்டிலும் வருகிறது. நீதிபதி றிச்சர்ட் ஓவன் 1976 தீர்ப்பில் இந்தச் சின்னச் சுரத்தை விசேடமாகக் குறிப்பிட்டார். அவரே இசையும் இயற்றுபவர்.

சுரங்களைப் பார்த்தவுடன் மோகனம் என்று சொல்லியிருப்பீர்கள். மோகனம் யாருக்கும் சொந்தமில்லை, யாரும் ப த ஸ் என்று போகலாம். அதற்குள் ஒரு கீர்த்தனையின் பல்லவியைச் சங்கதியோடு எடுத்து வேறு சாகித்தியம் போட்டால் சபையில் யாரும் அதைப் புதுப்பாட்டு என்று ஏற்பார்களா? நீதிமன்றம் பார்த்ததும் அந்த வித்தியாசத்தைத்தான்.

தெரியாமல் எடுத்ததைப் பற்றிய கேள்விக்கு: அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் எண்ணம் முக்கியமில்லை. கேட்டிருந்தார், ஒத்திருக்கிறது, அவ்வளவு போதும். 'உள்மனம் எடுத்துக் கொடுத்தது' என்று நீதிபதி எழுதியது ஹரிசனைப் பொய்காரர் என்று சொல்லாமல் விடுவதற்கான மரியாதை. நட்டஈட்டுக் கதைதான் விசித்திரம். முதலில் கணக்கிட்ட தொகை 15,99,987 டொலர். இதற்கிடையில் ஹரிசனின் முன்னாள் முகாமையாளர் அலன் கிளைன் எதிர்த்தரப்பு நிறுவனத்தின் உரிமையை 5,87,000 டொலருக்குத் தானே வாங்கிக்கொண்டார். தன் கட்சிக்காரனுக்கு எதிராகவே இலாபம் பார்க்க முடியாது என்று நீதிமன்றம் 1981இல் தொகையை அந்த 5,87,000 ஆகக் குறைத்தது.

'ஹொட்டேல் கலிபோர்னியா' ஜெத்றோ ரல் குழுவின் பாட்டைப் பார்த்து எடுத்ததாமே? — கொக்குவில்

ஜெத்றோ ரல்லின் 'வீ யூஸ்ட் ரு நோ' 1969இல் வந்தது, ஈகிள்ஸ் குழுவின் 'ஹொட்டேல் கலிபோர்னியா' 1976 டிசம்பரில். 70களின் தொடக்கத்தில் ஈகிள்ஸ் அவர்களோடு ஒரே பயணத்தில் மேடையேறியது உண்மை. கோட்ஸ் வரிசையின் முதல் ஆறும் ஒரே பாதை என்பதும் உண்மை. நீங்களே பார்க்கலாம். ரல்லின் பாட்டை ஈ மைனரில் அடியுங்கள்: ஈ மைனர், பி, டி, ஏ, சி, ஜி. இனி 7ஆம் ஃபிரெட்டில் காப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அமத்தும் கவ்வி) போட்டு அதே விரல் நிலைகளை அடித்தால் பி மைனர், எஃப் ஷார்ப், ஏ, ஈ, ஜி, டி என்று 'ஹொட்டேல் கலிபோர்னியா' வந்து நிற்கும். அந்தப் பன்னிரண்டு கம்பிக் கிற்றாரும் உண்மையில் 7ஆம் ஃபிரெட் காப்போவில்தான் வாசிக்கப்படுகிறது. ஈகிள்ஸின் கிற்றார்காரர் டொன் ஃபெல்டர் முதலில் ஈ மைனரில் செய்த அமைப்பு, பாடகர் டொன் ஹென்லியின் குரலுக்காகப் பி மைனருக்குப் போனது.

ஒப்புமை அதோடு முடிகிறது. ரல்லின் தாளம் மூன்று மூன்றாக அசைகிறது, ஈகிள்ஸின் தாளம் நாலு. பாடும் மெட்டு வேறு. முடிவில் வரும் இரட்டைக் கிற்றார் முழுக்க ஃபெல்டரும் ஜோ வால்ஷும் செய்தது. ரல்லின் இயன் அன்டர்சன் வழக்குப் போடவில்லை, களவென்றும் சொல்லவில்லை. பெயர்கள் ஃபெல்டர், ஹென்லி, கிளென் ஃபிறை. இது அவ்வளவு வலுவான சந்தேகம் இல்லை.

வீட்டில் ஆறு கம்பிக் கிற்றாரில் முயல்பவர்களுக்கு ஒரு சொல்: 7இல் காப்போ போட்டவுடன் கம்பி இழுபட்டுச் சுருதி மேலே போகும். காப்போ போட்ட பிறகு திரும்பச் சுருதி சேர்க்காமல் 'பாட்டோடு பொருந்தவில்லை, இணையத்தில் உள்ள கோட்ஸ் பிழை' என்று எழுத வேண்டாம்.

பாட்டை உலகறியச் செய்தது கிற்றார். பெயர் பாடகருக்கும் வேறு ஆட்களுக்கும். இது என்ன நியாயம்? — மேடைக் குழு ஒன்றின் கிற்றார் கலைஞர், பருத்தித்துறை

கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. அனிமல்ஸ் குழுவின் 'ஹவுஸ் ஒஃப் த றைசிங் சன்' (1964) எடுப்போம். பாட்டு மரபுப் பாடல். அவர்களுக்கு முன் பொப் டிலன் 1961இல் பதிவு செய்து 1962இல் வெளியிட்டார், அந்தக் கோட்ஸ் அமைப்பை அவர் எடுத்தது டேவ் வான் றொங்கிடம் இருந்து. அனிமல்ஸ் பதிவில் எல்லோரும் ஞாபகம் வைத்திருப்பது ஹில்ரன் வலன்ரைன் வாசித்த தொடக்கம்: ஏ மைனர், சி, டி, எஃப், திரும்ப ஏ மைனர், சி, ஈ. ஒரு கோட்டுக்கு ஆறு அடி, அடிக்கம்பியில் தொடங்கி மேலே போய்த் திரும்பி வருவது. உலகத்தில் கிற்றார் பழகியவர்களில் பாதிப்பேர் அதைத் தட்டிப் பார்த்திருப்பார்கள். இசைத்தட்டில் அச்சானது 'மரபுப் பாடல், இசையமைப்பு அலன் பிறைஸ்' என்று மட்டும். பிறைஸ் ஓர்கன் வாசித்தவர். ஐந்து பெயருக்கும் இடமில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். றோயல்ரி (உரிமைப் பணம்) முழுக்க ஒருவருக்குப் போனது.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வெற்றியும் உண்டு, ஆனால் அது கிற்றார் அல்ல. புறொக்கல் ஹாரமின் 'எ வைற்றர் ஷேட் ஒஃப் பேல்' (1967) கறி புறூக்கர், கீத் றீட் பெயர்களில் மட்டும் இருந்தது. ஓர்கன் வாசித்த மத்தியூ ஃபிஷர் 2005இல், அதாவது 38 வருடம் கழித்து வழக்குப் போட்டார். 2006இல் இசையில் 40 வீதம் அவருடையது என்று தீர்ப்பு. மேன்முறையீட்டில் பணம் பறிபோனது. 2009 ஜூலையில், அப்போது பிரித்தானியாவின் கடைசி மேன்முறையீட்டு இடமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் திருப்பிக் கொடுத்தது, தாமதம் உரிமையை அழிக்காது என்று. பழைய வருமானம் கிடைக்கவில்லை, வழக்குப் போட்ட நாளிலிருந்து மட்டும்.

ஃபிஷர் வென்றதற்குக் காரணம், அவருடைய ஓர்கன் தானே ஒரு மெட்டாக நிற்கிறது. பாடும் குரலை எடுத்துவிட்டாலும் வாயால் முனகலாம். கோட்ஸைப் பிரித்து அடிப்பது, தாளத்துக்கு வெட்டி அடிப்பது, நல்ல ஒலியைக் கண்டுபிடிப்பது எல்லாம் 'வாசிப்பு' என்ற பெட்டிக்குள் போய்விடும். அதற்குக் கூலி உண்டு, பங்கு இல்லை. சிலவேளை பெயர்கூட இல்லை: றொட் ஸ்ரூவர்ட்டின் 'மகி மே' (1971) பாட்டில் மன்டொலின் வாசித்தவரைப் பற்றி அல்ப உறையில் 'லின்டிஸ்ஃபார்ன் குழுவின் மன்டொலின்காரர், பெயர் மறந்துபோச்சு' என்ற பொருளில் அச்சடித்தார்கள். அவர் றே ஜக்சன்.

'ஸ்மோக் ஒன் த வோட்டர்' ரிஃப் நான் அடித்தால் ஏன் இசைத்தட்டைப் போல் வருவதில்லை? டீப் பேர்ப்பிளும் பிறரிடம் எடுத்ததா? — நல்லூர்

முதல் கேள்விக்கு: நீங்கள் ஆறாம் கம்பியில் பிக்கால் (கம்பியைத் தட்டும் சிறு தகட்டால்) பவர் கோட் அடிக்கிறீர்கள். டீப் பேர்ப்பிளின் கிற்றார்காரர் றிச்சி பிளாக்மோர் அடித்தது நாலாம், மூன்றாம் கம்பிகளைச் சேர்த்து, பிக் இல்லாமல் இரண்டு விரலால் ஒரே நேரத்தில் கிள்ளி. திறந்த கம்பி, 3, 5. திறந்த கம்பி, 3, 6, 5. திறந்த கம்பி, 3, 5, 3, திறந்த கம்பி. பிக் என்றால் ஒரு கம்பிக்குப் பின் மற்றது விழும், விரல் என்றால் இரண்டும் சேர்ந்து வெடிக்கும். டிஸ்ரோஷனையும் (ஒலியின் கரகரப்பை) பாதியாகக் குறையுங்கள். ரிஃபைக் கண்டது அவர் என்றாலும் பாட்டில் ஐந்து பேருடைய பெயரும் உண்டு. அது அந்தக் காலத்தில் அக்குழுவின் வழக்கம், எங்களுக்குப் பிடித்த வழக்கமும்கூட.

இரண்டாவதுக்கு: ஆம். 'பிளாக் நைற்' (1970) ரிஃப், றிக்கி நெல்சன் 1962இல் பாடிய 'சமர்ரைம்' பதிவின் பேஸ் வரிசையில் இருந்து வந்தது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 'சைல்ட் இன் ரைம்' தொடக்கம் இற்ஸ் எ பியூட்டிஃபுல் டே குழுவின் 'பொம்பே கோலிங்' (1969). அந்தக் குழு பதிலுக்கு டீப் பேர்ப்பிளின் 'றிங் தற் நெக்' ஐ எடுத்து 1970இல் வேறு பெயரில் வெளியிட்டது. நீதிமன்றப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

தன்னுடைய பாட்டைத் தானே களவெடுத்தார் என்று ஒருவர் மேல் வழக்கு வந்ததாமே, பகிடியா? — காரைநகர்

பகிடியில்லை. ஜோன் ஃபோகர்ட்டி கிறீடன்ஸ் குழுவில் எழுதிய 'றன் துறூ த ஜங்கிள்' (1970) உரிமை ஃபன்ரசி நிறுவனத்திடம் இருந்தது. 1984 இறுதியில் தனியாக அவர் வெளியிட்ட 'த ஓல்ட் மான் டவுன் த றோட்' அதன் நகல் என்று அந்த நிறுவனம் வழக்குப் போட்டது. ஃபோகர்ட்டி சாட்சிக்கூண்டுக்குக் கிற்றாரோடு போய், இது என் நடை, நான் எதை எழுதினாலும் இப்படித்தான் இருக்கும் என்று வாசித்துக் காட்டினார். 1988இல் ஜூரி அவர் பக்கம். வழக்குச் செலவைக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994இல் அதையும் வென்றார்.

எங்கட குழு சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு ஒன்று செய்திருக்கிறது. கிற்றார் தொடக்கம் ஒரு பழைய ஆங்கிலப் பாட்டைப் போல இருக்கு என்று ஒருவர் சொல்லிவிட்டார். யூரியூப்பில் போடலாமா? குழுவுக்குள் பெயர் போடுவதிலும் இழுபறி. — ஐந்து பேர், கோண்டாவில்

முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு பயப்படலாம். இரண்டு பாட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள், காப்போ போதும். பழைய ஒலிப்பதிவுகள் ஒலிநாடாவின் வேகம் காரணமாகச் சுருதிக்கு இடையில் நிற்கும், யாரோ ஒரு யூரியூப்காரர் வேகத்தைக் கூட்டியும் வைத்திருப்பார், அதனால் நம்பகமான பதிவொன்றை எடுங்கள். பிறகு மூன்று வரி எழுதுங்கள். முதல் வரியில் கோட்ஸ். இரண்டாம் வரியில் அடிக்குரல். மூன்றாம் வரியில் மேலே ஓடும் மெட்டு, சுரமாகவும் எந்த அடியில் விழுகிறது என்றும். முதல் இரண்டு வரி மட்டும் ஒத்தால் விட்டுவிடுங்கள், கோட்ஸ் வரிசை பொதுச்சொத்து. மூன்றாம் வரியில் ஏழு எட்டுச் சுரம் ஒரே ஒழுங்கில், ஒரே அடியில் விழுந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது கனபேர் செய்யும் பிழை, சுருதியை மாற்றுவதும் வேகத்தைக் கூட்டுவதும். இரண்டும் ஒன்றையும் மாற்றாது. மெட்டு ஏறும் இடத்தில் இறக்குங்கள், அல்லது தொடங்கும் அடியை நகர்த்துங்கள். காதை ஏமாற்றும் இன்னொன்று ஒலி: கோரஸ் பெடல், பன்னிரண்டு கம்பி, எதிரொலி. ஒலி ஒத்ததற்காகப் பாட்டு ஒத்ததென்று நினைக்க வேண்டாம். பெடல் எல்லாவற்றையும் நிற்பாட்டி வெறும் கிற்றாரில் அடித்துப் பார்த்தால் சந்தேகத்தில் பாதி போய்விடும்.

பழைய இசைத்தட்டில் இருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டியிருந்தால் கதை வேறு. அதற்கு இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவின் சொந்தக்காரரிடம் ஒன்று, பாட்டின் சொந்தக்காரரிடம் ஒன்று. த வேர்வ் குழு 'பிற்றர் ஸ்வீற் சிம்பனி' (1997) வெளியிட்டபோது அன்ட்றூ ஓல்டம் ஓர்கெஸ்ட்றாவின் பதிவுக்கு அனுமதி வாங்கியிருந்தது. பாட்டு றோலிங் ஸ்ரோன்ஸுடையது, அதன் உரிமை மேலே சொன்ன அதே அலன் கிளைனிடம். முடிவில் இயற்றியவர் பெயர் ஜாகர், றிச்சர்ட்ஸ் என்றாகி, வருமானமும் அப்பக்கம் போனது. அந்த வயலின் ஓட்டமோ ஸ்ரோன்ஸின் பாட்டில் இல்லை, டேவிட் விற்றேக்கர் எழுதியது. 2019இல்தான் உரிமை வேர்வ் குழுவின் பாடகர் றிச்சர்ட் ஆஷ்குறொஃப்ட்டிடம் திரும்பியது.

குழுவுக்குள் பங்கு பிரிப்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே முடியுங்கள். ஒரு தாள் போதும்: பாட்டின் பெயர், திகதி, வரி எழுதியவர், மெட்டுப் போட்டவர், ரிஃப் செய்தவர், ஒவ்வொருவருக்கும் எத்தனை வீதம், கூட்டினால் 100, எல்லோருடைய கையெழுத்தும். வரிக்குப் பாதி, இசைக்குப் பாதி என்று தொடங்கி, இசைப் பாதிக்குள் பேசித் தீர்க்கலாம். வாயால் முனகக்கூடிய ரிஃப் என்றால் செய்தவருக்குப் பங்கு கொடுங்கள். கூலிக்கு வந்து வாசித்தவர் என்றால் கூலிக்கு என்று அதே தாளில் எழுதுங்கள். ஒத்திகையில் தொலைபேசியில் பதிந்த முதல் வடிவங்களை அழிக்க வேண்டாம், திகதியோடு இருக்கும் சாட்சி அதுதான். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை, இயற்றியவுடன் வந்துவிடும். இயற்றியவர் இறந்து 70 வருடம் வரை நிற்கும். பலர் சேர்ந்து இயற்றினால் கடைசியாக இறப்பவரிலிருந்து 70.

பிறர் பாட்டை நீங்களே வாசித்துப் போட்டாலும் யூரியூப் மெட்டைக் கண்டுபிடித்து உரிமைக் கோரிக்கை அனுப்பலாம். பெரும்பாலும் வீடியோ நிற்கும், விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். விளக்கக் குறிப்பில் பாடியவர் பெயரை மட்டும் போட்டுவிட்டு இருக்க வேண்டாம். 'சின்ன மாமியே' யாருடைய பாட்டு என்று கேட்டால் பத்துப்பேர் பத்துப் பாடகரைச் சொல்வார்கள், நித்தி கனகரத்தினம் என்று சொல்பவர் எத்தனை பேர்?

சக் பெரியின் 'ஜொனி பி கூட்' தொடக்கம் அவருடையதுதானே? — வட்டுக்கோட்டை

அதுவும் வாங்கியதுதான். லூயிஸ் ஜோர்டன் குழு 1946இல் பதிந்த 'எய்ன்ற் தற் ஜஸ்ற் லைக் எ வுமன்' பாட்டில் கார்ள் ஹோகன் ஒற்றைக் கம்பியில் அடித்த தொடக்கத்தை, பெரி 1958இல் முதலாம் இரண்டாம் கம்பிகளைச் சேர்த்து அடித்துக் கூர்மையாக்கினார். சுருதி பி ஃபிளாற், பிடிக்கும் இடம் 6ஆம் ஃபிரெட். ஹோகனிடம் எடுத்ததைப் பெரி மறைத்ததில்லை.

1964இல் பீச் போய்ஸ் 'ஃபன் ஃபன் ஃபன்' தொடக்கத்துக்கு அதையே எடுத்தார்கள், பெரியின் பெயர் போடவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் பாடிய 'சேர்ஃபின் யூ.எஸ்.ஏ.' பெரியின் 'ஸ்வீற் லிற்றில் சிக்ஸ்ரீன்' மெட்டு என்றபடியால் உரிமை பெரியின் வெளியீட்டாளருக்குப் போனது, பெயரும் பின்னர் ஏறியது. 1969இல் பீற்றில்ஸின் 'கம் ருகெதர்' பாட்டில் பெரியின் 1956ஆம் ஆண்டுப் பாட்டொன்றின் ஒரேயொரு வரி புகுந்ததற்கு, அதன் உரிமையாளர் மொறிஸ் லெவி வழக்குப் போட்டார். ஜோன் லெனன் சமரசமாகி லெவியிடம் உரிமை இருந்த பாட்டுகளைப் பாடிக் கொடுக்க ஒப்புக்கொண்டு, 1975 அல்பத்தில் அந்தப் பெரி பாட்டையே பாடினார். கார்ள் ஹோகன் பெயர் இந்தப் பாட்டுகள் எதன் கீழும் இல்லை.